மறுபடி வந்தால்தான் நம்புவேன் என்ற சாந்தினி

அன்று காலை முதல் நோயாளி இன்னும் உள்ளே வரவில்லை. கதிர்வீச்சு இயந்திரத்தின் அளவைச் சரிபார்த்துவிட்டு வெளியே வந்தபோது கைத்தொலைபேசியில் குமரனின் பெயர் தெரிந்தது. குமரன் சாந்தினியின் தம்பி. வேலை நேரத்தில் என்னை அழைக்கிறவர் அல்லர். நான் எடுத்தேன்.

"அக்கா போயிட்டா, ராதா அக்கா," என்றார். "காலமை எழும்பினவுடன நெஞ்சு நோகுது எண்டு சொன்னவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்கிடையில முடிஞ்சுது."

உடனே வெள்ளவத்தையில் அவர்கள் வீட்டுக்கு வருகிறேன் என்றேன்.

"உங்களுக்கு அங்க ஆக்கள் காத்துக்கொண்டிருப்பினம் எல்லே. முடிச்சிட்டு வாங்கோ. அக்காவும் அதைத்தான் சொல்லியிருப்பா."

அவர் சொன்னது சரி. வெளியே வாங்கில்களில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அன்றைய சிகிச்சைகள் எல்லாம் முடியும்வரை இருந்துவிட்டுத்தான் போனேன். அந்த நாளை எப்படிக் கடந்தேன் என்று இப்போது யோசித்தால் பெரிதாக எதுவும் நினைவுக்கு வரவில்லை. கை பழகிய வேலையைச் செய்தது, அவ்வளவுதான்.

சாந்தினியைப் பல்கலைக்கழக விரிவுரையாளராக, இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். வெள்ளவத்தையில் அவருடைய ஒழுங்கையில் அயலில் இருப்பவர்களுக்கு, மழை தூறினாலும் குடை விரிக்காமல் கடற்கரைப் பக்கம் விறுவிறென்று நடந்துபோகும் ஒல்லியான பெண்ணாகத் தெரியும். அவர் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்ட வேலை என்னவென்று மிகச் சிலருக்கே தெரியும். கேட்டால் சொல்வார். ஆனால் கேட்கிறவர் உண்மையாகவே கேட்கிறாரா என்று முதலில் முகத்தைப் பார்ப்பார்.

நாங்கள் இருவரும் கொழும்பில் ஒன்றாகப் பௌதிகவியல் படித்தவர்கள். நான் கொட்டாஞ்சேனைப் பெண். படிப்பு முடிந்ததும் புற்றுநோய்ச் சிகிச்சையில் கதிர்வீச்சை அளக்கும் வேலைக்கு வந்துவிட்டேன். அவர் மேற்படிப்புக்கு ஜேர்மனி போனார். முதல் விடுமுறையில் வந்தபோது காலி வீதியில் ஒரு சைவக்கடையில் உட்கார்ந்து, அங்கே என்ன செய்கிறீர் என்று கேட்டேன்.

"தலைமயிரை விட மெல்லிசான உலோகத் தகடு ஒண்டை வெற்றிடத்துக்குள்ள வைப்பம்," என்றார். "அதில மிகக் கடுமையான லேசர் ஒளியை ஒரு புள்ளியில அடிப்பம். தகட்டில இருக்கிற இலத்திரன்கள் மிரண்டு மற்றப் பக்கத்தால பாயும். அதுகள் போற வேகத்தில, தகட்டின்ர பின்பக்கம் ஒட்டியிருக்கிற புரோத்தன்களையும் இழுத்துக்கொண்டு போகும். அதுதான் எங்கட கதிர்."

"தகட்டில புரோத்தன் எப்படி ஒட்டியிருக்கும்?"

சிரித்தார். "ஈரம், எண்ணெய்ப் பசை. எவ்வளவு கவனமாக் கையாண்டாலும் படியிற ஊத்தை. அதில ஐதரசன் இருக்கு. ராதா, கோடிக்கணக்கில சிலவழிச்சு லேசர் கட்டி, கடைசியில நாங்கள் நம்பியிருக்கிறது ஊத்தையை."

வடை ஆறிப்போகும்வரை பேசினார். கட்டி இருக்கும் ஆழம்வரை போய் அங்கேயே தன் சக்தியைக் கொட்டி நின்றுவிடுவது புரோத்தனின் இயல்பு. அதனால் கட்டிக்கு அப்பால் இருக்கும் நல்ல திசுக்கள் தப்பும். ஆனால் அந்தச் சிகிச்சைக்கான இயந்திரங்கள் ஒரு மாடிக் கட்டடத்தையே அடைத்துக்கொள்ளும். எங்களைப் போன்ற நாடுகளுக்கு எட்டாதவை. லேசரால் புரோத்தன்களைக் கிளப்ப முடிந்தால் அந்தக் கட்டடம் ஒருநாள் சுருங்கலாம். சிக்கல் என்னவென்றால், லேசரில் கிளம்பும் புரோத்தன்கள் ஒரே வேகத்தில் வருவதில்லை. சில வேகமாக, சில மெதுவாக, நாலாபக்கமும் சிதறி, ஒவ்வொரு முறையும் வேறுவிதமாக வரும். கட்டியின் ஆழத்துக்கு என்று குறிவைக்க முடியாது. அவற்றை ஒரே வேகத்துக்கு, ஒரே திசைக்கு, ஒவ்வொரு முறையும் ஒரேமாதிரி வரப் பழக்குவதுதான் தன் வேலை என்றார்.

அந்த வேலையில் சில வருடங்கள் கழித்து நடந்தது ஒன்றை, அவர் இருந்தவரை நான் யாருக்கும் சொன்னதில்லை.

அவருடைய குழு ஒருநாள் அடித்த அடிகளில் ஒன்றில், புரோத்தன்கள் அநேகமாக ஒரே வேகத்தில் வந்தன. வேகங்களைக் காட்டும் வரைபில் ஊசிபோல ஒரு முனை. ஆய்வுகூடமே கூடிநின்று கைதட்டியது. உடனே கட்டுரை எழுதத் தொடங்கினார்கள். சாந்தினி மட்டும், அதே நிலையில் இன்னும் சில தடவை அடித்துப் பார்ப்போம் என்றார். அடித்தார்கள். ஊசி முனை திரும்ப வரவில்லை. பழையபடி சிதறல்தான்.

குழுத்தலைவர் அவரைத் தனியே அழைத்து, "இந்தத் துறையில் எல்லோரும் நல்ல அடியைத்தான் காட்டுகிறார்கள். நீயும் உன் பெயரைப் போடு, அடுத்த வேலை ஒப்பந்தத்துக்கு உதவும்," என்றாராம்.

"அந்த ஒரு அடி எனக்கு விருந்தாளி மாதிரி," என்று சாந்தினி பதில் சொல்லியிருக்கிறார். "எந்த வழியாக வந்தது என்று தெரியாத விருந்தாளி. மறுபடி வந்தால்தான் நம்புவேன்."

கட்டுரை அவர் பெயர் இல்லாமல் வந்தது. ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. யாரும் அவரைத் திட்டவுமில்லை, விரட்டவுமில்லை. மரியாதையாகக் கைகுலுக்கி அனுப்பிவைத்தார்கள்.

அவரைக் கூட்டிவர விமான நிலையத்துக்கு நான்தான் போனேன். ஒரு பெட்டி, ஒரு மடிக்கணினிப் பை. வாகனத்தில் ஏறியதும், என்ன ஆறுதல் சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

"மூஞ்சியை இப்படி வைக்காதையும்," என்றார். "நான் சும்மா வரேல்லை. அது ஏன் திரும்ப வரேல்லை எண்டதை ஓரளவு விளங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறன்."

அவர் விளங்கிக்கொண்டது இது. கடுமையான லேசர் துடிப்பு தகட்டில் விழுவதற்குக் கொஞ்சம் முன்பே, மங்கலான ஒளி அதற்கு முன்னோடியாக வந்து விழுகிறது. அந்த மங்கல் ஒளியே தகட்டை உருக்கிக் குழப்பிவிடுகிறது. முக்கிய அடி விழும்போது அங்கே இருப்பது அவர்கள் வைத்த தகடு அல்ல. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி குழம்பிய ஒன்று. அன்று ஒருமுறை அதிர்ஷ்டவசமாக அது குழம்பாமல் இருந்திருக்கிறது.

வெள்ளவத்தையில் தம்பி குடும்பத்தோடு இருந்துகொண்டு, பகலில் விரிவுரை, மிச்ச நேரத்தில் கணிப்பு என்று அவர் வாழத் தொடங்கினார். இங்கே அப்படி ஒரு லேசர் இல்லை. கணினியில் மட்டும் தகட்டை அடித்துப் பார்க்கலாம். இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்ய வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். மங்கல் ஒளியை ஊடுருவ விட்டுவிட்டு, கடும் ஒளியை மட்டும் தெறிக்கவைக்கும் ஒரு கண்ணாடியை வழியில் வைத்துத் துடிப்பைச் சுத்தமாக்குவது ஒன்று. தகட்டின் பின்பக்கத்தைச் சூடாக்கி அவருடைய அந்தப் பிரசித்திபெற்ற ஊத்தையை நீக்கிவிட்டு, நடுவில் மட்டும் ஐதரசன் உள்ள சிறு பொட்டு ஒன்றை வைப்பது மற்றது. எல்லாப் புரோத்தன்களும் அந்தப் பொட்டிலிருந்தே கிளம்பினால் எல்லாவற்றுக்கும் ஒரே இழுவிசை. ஆகவே ஏறத்தாழ ஒரே வேகம்.

இந்த இரண்டும் உலகத்தில் யாரும் யோசிக்காதவை அல்ல என்று அவரே எப்போதும் சொல்வார். "பொட்டு என்ர கண்டுபிடிப்பு இல்லை. எந்த அளவுப் பொட்டு, எவ்வளவு சுத்தமான துடிப்பு எண்டு பொருத்தம் பாத்ததுதான் நான்." வேறொரு ஆய்வுகூடத்தை நடத்திய ஹெல்கா என்ற பெண்மணி அந்தக் கணிப்புகளைப் படித்துவிட்டு, தன் லேசரில் சில நாட்கள் ஒதுக்கித் தருவதாக எழுதினார்.

அந்த நாட்கள் வந்தபோது இங்கே மின்வெட்டுக் காலம். பெற்றோல் வரிசை, எரிவாயு வரிசை, பால்மா இல்லை. சாந்தினிக்கு விமானச்சீட்டு வாங்க வழியில்லை. இணைய வழியாக இருந்து பார்ப்பதென்று முடிவாயிற்று. பரிசோதனை தொடங்கும் நேரம் வெள்ளவத்தையில் மின்சாரம் இல்லை. என் வீடு இருந்த கொட்டாஞ்சேனைக்கு வேறு அட்டவணை. மத்தியானம் வியர்த்து வழிய, இரண்டு பஸ் மாறி, மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உங்கட பக்கம் கரண்ட் இருக்குத்தானே?"

"இப்போதைக்கு இருக்கு."

"அது போதும்."

சாப்பாட்டு மேசையில் இடம் ஒதுக்கினேன். திரையில் ஹெல்காவின் ஆட்கள் தெரிந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் தகடு பொசுங்கிவிடும்; அடுத்த பொட்டை நகர்த்தி லேசரின் புள்ளிக்கு நேரே கொண்டுவர வேண்டும். அதற்கு நேரமெடுக்கும். முதல் அடியில் ஒன்றுமில்லை. பொட்டு சற்று விலகியிருந்தது. அடுத்ததில் சிதறல். அதற்கடுத்ததில் ஒரு முனை எழுந்தது. கூர்மையாக இல்லை, ஆனால் முனைதான். அங்கே யாரோ கூவினார். நான் சாந்தினியின் தோளைப் பிடித்தேன். அவர் அசையவில்லை.

"அடுத்தது," என்றார் திரையைப் பார்த்து.

அடுத்ததிலும் வந்தது. முன்னையதைவிடக் கூர்மையாக, அதே இடத்தில். அதற்கடுத்ததிலும். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, துடிப்பின் சக்தியைச் சற்றுக் குறைக்கச் சொன்னார். குறைத்தால் முனை எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்தார். ஹெல்கா தலையசைத்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் பக்க மின்சாரமும் போயிற்று. மின்விசிறி நின்றது, இணையமும் நின்றது.

நான் ஏதேதோ சொல்லி மின்சார சபையைத் திட்டினேன். சாந்தினி கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "அங்க இருட்டில்லைத்தானே," என்றார். "அவை அடிப்பினம். பிளேன்டீ ஒண்டு தாரும்."

தேநீர் குடித்து முடித்து, நான் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவருடைய தொலைபேசிக்கு ஹெல்காவின் குரல் செய்தி வந்தது. குறைத்த சக்தியில் முனை நகர்ந்துவிட்டது. நீ சொன்ன பக்கத்துக்கே, ஏறத்தாழ நீ சொன்ன அளவுக்கே என்றார். சாந்தினி அதை இரண்டாவது தடவை கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"இனி நம்பலாம்," என்றார்.

அந்த முடிவுகள் வெளிவந்தபின் இங்குள்ள வார இதழ் ஒன்றிலிருந்து வந்து பேட்டி எடுத்தார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "இது இன்னும் ஆய்வுகூடத்தில்தான்" என்று அவர் சேர்த்துச் சேர்த்துச் சொன்னார். இதழ் வந்தபோது, அவர் படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில், எரிச்சல் இல்லாமல் புற்றுநோயைப் போக்கும் தமிழ்ப் பெண்ணின் லேசர் விரைவில் வருகிறது என்று இருந்தது. அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து ஆயிரம் பேர் ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். சாந்தினிக்கு அது அவமானமாக இருந்தது. திருத்தம் கேட்டு எழுதினார். ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டார்கள்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எங்கள் பிரிவில் கழுத்துக் கட்டிக்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டிருந்த புஷ்பம் என்ற பெண், சிகிச்சை பாதியில் இருக்கும்போது வராமல் நின்றுவிட்டார். தையல் வேலை செய்பவர். கணவர் துறைமுகத்துக்கு லொறி ஓட்டுகிறவர். தொலைபேசியில் கேட்டபோது அந்தக் கணவர், "அவ லேசர் வரட்டும்னு இருக்கா மிஸ்," என்றார். புஷ்பம் சம்மதித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று மாலை சாந்தினியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைக்கும் அளவுக்கு அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"வீடு எங்க?" என்று மட்டும் கேட்டார்.

அவர்களிடம் கேட்டுக்கொண்டு, அடுத்த நாள் இருவரும் போனோம். கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்பு ஒன்றில் ஒரு வரிசை வீடு. முன்னறையில் தையல் இயந்திரம் துணி போட்டு மூடியிருந்தது. புஷ்பத்தின் கழுத்து கறுத்துத் தோல் உரிந்திருந்தது. வாய்க்குள் புண். ஒவ்வொரு சொல்லையும் விழுங்கி விழுங்கிப் பேசினார்.

"படத்துல இருக்கிறது நீங்கதானே மிஸ்?"

"ஓம். நான்தான்."

"அப்ப அந்த லேசரு எப்ப வரும்?"

சாந்தினி ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "உங்களுக்கு வராது," என்றார்.

புஷ்பத்தின் கணவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கு வராது," என்று சாந்தினி மறுபடி, இன்னும் மெதுவாகச் சொன்னார். "எனக்கு ஒரு நோய் வருத்தம் வந்தால் எனக்கும் வராது. எத்தினை வருசம் எண்டு எனக்கே தெரியாது. நான் இதுவரைக்கும் ஒரு ஆளையும் சுகப்படுத்தேல்லை. இந்தா, பக்கத்தில இருக்கிறாவே, இவவின்ர மிசின் பழசுதான், எரிவுதான். ஆனா இண்டைக்கு இருக்கிறது அது. அதால சுகமானவை இந்தக் கொழும்பிலேயே இருக்கினம்."

"எரியுது மிஸ்," என்றார் புஷ்பம். கண்ணில் நீர் முட்டியது. "தண்ணிகூட எறங்க மாட்டேங்குது. மறுபடியும் அங்க போய்ப் படுக்கணும்னு நெனச்சாலே ஒடம்பு நடுங்குது."

இந்த இடத்தில் தைரியமாக இருங்கள் என்று வேறு யாராயினும் சொல்லியிருப்பார்கள். சாந்தினி சொல்லவில்லை. "அந்த நோ எனக்குத் தெரியாது. அனுபவிக்கிறது நீங்கள்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தப் புண்ணுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டார். கழுவும் மருந்து, நோவைக் குறைக்கும் மருந்து, விழுங்கவே முடியாவிட்டால் மூக்கு வழியாகக் குழாயில் உணவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"இதையெல்லாம் அங்க சொன்னவையோ?" என்று சாந்தினி அவர்களிடம் கேட்டார்.

"சொன்னாங்க," என்றார் கணவர். "இவ பயத்துல எதையும் காதுல வாங்கல. நானும்தான்."

பிறகு புஷ்பம்தான் கேட்டார். "அப்ப ஏன் மிஸ் அத செய்யிறீங்க? எனக்கும் வராது, ஒங்களுக்கும் வராதுன்னா?"

சாந்தினி யோசித்தார். "எங்களுக்குப் பிறகும் ஆக்களுக்கு இந்த வருத்தம் வரும் எல்லே," என்றார். "அவைக்கு எரிய வேண்டாம்."

புஷ்பம் நெடுநேரம் தையல் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "திங்கக்கெழம வர்றேன்," என்றார் கடைசியில்.

திங்கட்கிழமை வந்தார். எனக்குச் சொல்லாமல் சாந்தினியும் வந்து வெளியே வாங்கிலில் உட்கார்ந்திருந்தார். விட்டுப்போன நாட்களை ஈடுசெய்ய மருத்துவர் திட்டத்தை மாற்றி அமைத்தார். சில நாட்களின் பின் குழாய் போட வேண்டி வந்தது, போட்டார்கள். சிகிச்சை முழுதாக முடிந்தது.

வெள்ளவத்தையில் சாந்தினியின் உடலைப் பார்க்க வந்தவர்களில் புஷ்பமும் இருந்தார். கழுத்தில் தழும்பு வெளுத்துத் தெரிந்தது. குரல் சற்றுக் கரகரப்பு. மற்றபடி நன்றாக இருக்கிறார். மறுபடி தைக்கிறார். குமரனிடம் போய், "ஒங்க அக்கா எனக்குப் பொய் சொல்லல," என்றார். குமரன் அதுவரை அடக்கிக்கொண்டிருந்த அழுகையை அப்போதுதான் விட்டார்.

சாந்தினியை அறிந்த உங்களிடம் நான் பெருமையாகச் சொல்லக்கூடிய செய்தி ஒன்று இருக்கிறது. அவர் பொருத்தம் பார்த்த அந்த முறையை இப்போது ஹெல்காவின் கூடத்துக்கு வெளியே இன்னொரு குழுவும் செய்து பார்த்திருக்கிறது. அவர்களுக்கும் வந்திருக்கிறது. சாந்தினியைச் சந்தித்தே இராத ஆட்கள், வேறொரு லேசர், வேறு கைகள். மரணச் செய்தி கேட்டு ஹெல்கா என்னை அழைத்தபோது முதலில் சொன்னது அதைத்தான்.

இரண்டாவதாக அவர் சொன்னது என்னைப் பற்றி. அடுத்த பரிசோதனையில் அந்தப் புரோத்தன் கதிரை, ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த புற்றுநோய் உயிரணுக்கள்மேல் விழச்செய்யப் போகிறார்கள். கண் இமைக்கும் நேரத்தின் மிகச்சிறு பங்கில் வந்து முடிந்துவிடும் கதிர் அது. எவ்வளவு விழுந்தது என்று அளப்பது சாதாரண வேலை அல்ல. அதற்கு மருத்துவமனையில் பழகிய ஒருவர் வேண்டும் என்று சாந்தினி என்னை ஒரு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். "நீர் வாருமன்," என்பார். இங்கே இயந்திரத்தை யார் பார்ப்பது என்று நான் ஒவ்வொரு தடவையும் தட்டிக்கழித்தேன். அவரோ என் பெயரை எப்போதோ கொடுத்துவிட்டாராம். "ராதா வருவார், கொஞ்சம் நேரமெடுப்பார்," என்று எழுதியிருந்தாராம்.

கூட வேலை செய்பவர்களிடம் கேட்டேன். காலை அளவீடுகளைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். விடுப்பும் கிடைத்துவிட்டது. மழைக்காலம் தொடங்குமுன் புறப்படுகிறேன்.

திரும்பி வந்ததும், என்னிடம் சிகிச்சைக்கு வருகிறவர்கள் அங்கே என்ன நடந்தது என்று நிச்சயம் கேட்பார்கள். கதிரையை இழுத்துப்போட்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன். உயிரணுக்கள் எதிர்பார்த்தபடி செத்தால் செத்தன என்பேன். சாகாவிட்டால் சாகவில்லை என்பேன். ஆசை காட்ட மாட்டேன், ஆசையைப் பறிக்கவும் மாட்டேன். சாந்தினியிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது இதுதான்.